கழுத்து மாறிய வேப்பிலை

எங்கள் பள்ளியில் கணினி ஆசிரியர் பணியிடம் காலி. காலியாகி எவ்வளவு காலம் என்று கேட்டால் தலைமை ஆசிரியர் பஞ்சாட்சரம் கூரையைப் பார்ப்பார். அதனால் செயற்கை நுண்ணறிவு மன்றம் ஒன்று ஆரம்பிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்கிற கணக்கில் அது என் தலையில் விழுந்தது. நான் கோகிலவாணி. வேதியியல் ஆசிரியை. கலசப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஜவ்வாது மலைக்கு வந்து போகிறவள். வளைவுகளில் வாந்தி எடுக்காமல் பள்ளி வந்து சேர்வதே எனக்கு அன்றாடச் சாதனை. இதில் செயற்கை நுண்ணறிவு வேறு.

சுற்றறிக்கையோடு, மாணவர்கள் ஆராய்ந்து பார்க்கத் தகுந்த தலைப்புகள் என்று ஓர் இணைப்பு இருந்தது. தானாக ஓடும் கார், முகத்தைப் பார்த்து மனசைச் சொல்லும் கேமரா, பாட்டுக் கட்டும் இயந்திரம் என்று என்னென்னவோ. பதினொன்றாம் வகுப்பில் படித்துக் காட்டினேன்.

"தானா ஓடுற காரா?" என்றான் புருஷோத்தமன். "இங்க டிரைவர் ஓட்டுற பஸ்ஸே வளைவுல மூச்சு வாங்கிக்கினு நின்னுடுது மிஸ்."

வகுப்பே சிரித்தது. முதல் பெஞ்சில் இருந்த வெண்ணிலா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்தத் தாளின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். திருவண்ணாமலையில் நடக்கும் மாவட்டக் கண்காட்சியில் முதலிடம் பெறும் அணி, கோடை விடுமுறையில் ஒரு மாதம் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தங்கிப் பயிலலாம் என்று அதில் போட்டிருந்தது. மணி அடித்த பிறகும் அவள் தாளைத் திருப்பித் தரவில்லை.

"எனக்கு அங்க போகணும் மிஸ்" என்றாள். "வேற ஒண்ணும் வேணாம். போகணும்."

அவ்வளவு நேராக எதையும் கேட்கிற பெண் அல்ல அவள். எனக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு தலைப்போடு வந்தாள். ஐப்பசி மழைக்குப் பின் மலையில் மாடுகளுக்குத் தோலில் கட்டி கட்டியாக வரும் நோய் பரவியிருந்தது. அரசாங்கம் அதற்குத் தோல் கழலை நோய் என்று பேர் வைத்திருக்கிறது. மலையில் அதற்கு அம்மை என்றுதான் பேர். கால்நடை மருத்துவரோ ஒரே ஆள். ஊர்களோ மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அவர் வந்து சேர்வதற்குள் நோய் மந்தைக்குள் புகுந்துவிடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அந்த மாட்டைத் தனியே கட்டினால் மற்றவை பிழைக்கும். மாட்டைப் போனில் படம் எடுத்தால், நோய் உண்டா இல்லையா என்று போனே சொல்ல வேண்டும். இதுதான் அவள் யோசனை.

"அது எப்படிடீ சொல்லும்?" என்றேன்.

"நாம சொல்லிக் குடுத்தா சொல்லும் மிஸ்."

சின்னப் பிள்ளைக்குப் படம் காட்டி இது ஆடு, இது மாடு என்று பழக்குகிறோம் அல்லவா, அப்படித்தானாம். நோய் கண்ட மாடுகளின் படங்கள் ஒரு பக்கம், நல்ல மாடுகளின் படங்கள் ஒரு பக்கம் என்று நூற்றுக்கணக்கில் காட்டிக்கொண்டே போனால், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இயந்திரம் தானாகவே பிடித்துக்கொள்ளுமாம். என்ன வித்தியாசத்தைப் பிடித்தது என்று நமக்குச் சொல்லாதா என்று கேட்டேன். சொல்லாது என்றாள். சரி, நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மாணவர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான்.

வெண்ணிலாவும் புருஷோத்தமனும் சனி, ஞாயிறு பாராமல் மலையைச் சுற்றினார்கள். சாமைக் கொல்லை ஓரம், புளிய மரத்தடி, கொட்டகை என்று மாடு நின்ற இடமெல்லாம் படம் எடுத்தார்கள். பள்ளியில் உயிரோடு இருந்த ஒரே கணினியை மார்கழி முழுக்க அவர்களே எடுத்துக்கொண்டார்கள். கடைசியில், இயந்திரம் அதுவரை பார்க்காத படங்களாகத் தனியே எடுத்து வைத்திருந்ததைக் காட்டிப் பரீட்சை வைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.

பஞ்சாட்சரம் சார் அன்றோடு ஆளே மாறிவிட்டார். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு என்று ராமநாமம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பொதுத்தேர்வில் எங்கள் பள்ளியின் தேர்ச்சி விகிதம் அந்த எண்ணை எட்டியதே இல்லை. மனுஷருக்கு ஆசை இருக்காதா!

பிறகு பொங்கல் வந்தது.

மாட்டுப் பொங்கலன்று நான் வீட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வெண்ணிலா.

"மிஸ், எங்க ஊர்ல எல்லா மாட்டுக்கும் அம்மைன்னு நம்ம மெஷினு சொல்லுது."

"எல்லாத்துக்குமா?"

"கன்னுக்குட்டி வரைக்கும் மிஸ். வீரன் மாமா தலையில அடிச்சிக்கினு அழுவுது. நல்ல நாளும் அதுவுமா வாசலுக்கு வந்து சாபம் வுட்டேன்னு எங்கம்மா வேற திட்டுது."

அவள் ஊர் மூங்கில்கொட்டாய். பள்ளியிலிருந்து ஒன்றரை மணி நேர நடை. சிக்னல் வேண்டுமென்றால் ஊருக்கு மேலே ஒரு பாறை மீது ஏற வேண்டும். பண்டிகை நாளில் பாறை ஏறி நின்று அழுகிற பெண்ணிடம் என்ன சொல்வது? மாடுகள் தீனி தின்கின்றனவா என்று கேட்டேன். எல்லாம் பொங்கலும் கரும்புமாக வெட்டிக்கொண்டிருக்கின்றன என்றாள். அப்படியானால் மாட்டுக்கு ஒன்றும் இல்லை, உன் இயந்திரத்துக்குத்தான் ஏதோ கண்டிருக்கிறது என்றேன். வேதியியல் ஆசிரியையால் அதற்கு மேல் முடியாது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மூன்று பேரும் கணினி முன் உட்கார்ந்தோம். புருஷோத்தமன் ஒரு வேலை செய்தான். நோய் கண்ட மாட்டின் படம் ஒன்றை எடுத்து, அதில் ஒவ்வொரு பகுதியாகக் கறுப்புப் பூசி மறைத்து இயந்திரத்திடம் காட்டினான். கட்டிகள் நிறைந்த முதுகை மறைத்தான். 'நோய் உண்டு' என்றது. வயிற்றை மறைத்தான். உண்டு. காலை மறைத்தான். உண்டு. கழுத்தை மறைத்தான். 'நோய் இல்லை' என்றது.

முதுகு முழுக்கக் கட்டி. கழுத்தை மறைத்தால் நோய் இல்லையாம்!

வெண்ணிலா படத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே ஓடினாள். பள்ளி வாசல் மரத்திலிருந்து வேப்பிலைக் கொத்துகளை ஒடித்து வந்தாள். தன் ரிப்பனை அவிழ்த்து அவற்றைக் கட்டி, மாலை மாதிரி புருஷோத்தமன் கழுத்தில் போட்டுப் படம் எடுத்தாள்.

'நோய் உண்டு. 99 சதவீதம்.'

"அடப்பாவி" என்றான் புருஷோத்தமன். "என்னையும் மாட்டோட சேத்துடுச்சே."

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. வெண்ணிலா முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். மாட்டுக்கு அம்மை கண்டால் மலையில் முதல் காரியம், கழுத்தில் வேப்பிலை மாலை கட்டுவது. ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். மாலை வாடினால் புது மாலையைக் கட்டிவிட்டுத்தான் பழையதைக் கழற்றுவார்கள். மாடு தேறித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. நல்ல மாட்டுக்கோ வேப்பிலை கட்டவே மாட்டார்கள். கட்டினால் வாம்மா என்று கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். வருஷத்தில் மாட்டுப் பொங்கல் ஒரு நாள்தான் விலக்கு. அன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்து எல்லா மாட்டுக்கும் கட்டுவார்கள்.

ஆக, எங்கள் பிள்ளைகள் எடுத்த படங்களில் நோய் கண்ட மாடு ஒவ்வொன்றின் கழுத்திலும் மாலை இருந்தது. நல்ல மாடு ஒன்றின் கழுத்திலும் இல்லை. இயந்திரம் கட்டியைத் தேடவே இல்லை. மாலையைத் தேடியது. அதுதான் சுலபம், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த மாலையைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த இரண்டு பேர், இத்தனை படங்களைக் கையால் எடுத்து அடுக்கியவர்கள், அதைக் கவனிக்கவே இல்லை. காது மாதிரி, வால் மாதிரி, மாலையும் நோய் கண்ட மாட்டின் ஓர் உறுப்பு என்றே இருந்துவிட்டார்கள்.

"இப்ப யாராவது மாலை கட்டாத மாட்ட புடிச்சாந்து காட்டினா?" என்றாள் வெண்ணிலா. "இப்பத்தான் நோய் ஆரம்பிச்ச மாட்ட?"

"நோய் இல்லன்னும்" என்றான் புருஷோத்தமன்.

"அத நம்பி மந்தையில வுட்டுடுவாங்க."

நல்லவேளை, கண்காட்சி முடியட்டும் என்று வெண்ணிலா போனைத் தவிர வேறு யார் போனிலும் இன்னும் அதைப் போட்டுக் கொடுத்திருக்கவில்லை.

வழியும் அவளே சொன்னாள். மாலை போட்ட நல்ல மாடுகளின் படங்கள் பொங்கல் புண்ணியத்தில் வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டன. மாலை இல்லாத நோய் மாடுகளின் படங்களும் கிடைத்துவிட்டால், மாலையை வைத்து இனிமேல் ஒன்றும் சொல்ல முடியாது. இயந்திரம் வேறு வழியில்லாமல் தோலைப் பார்க்கும். இணையத்தில் தேடினோம். கிடைத்ததெல்லாம் வடநாட்டு மாடுகள். எங்கள் மலை மாட்டை அவற்றின் பக்கத்தில் நிறுத்தினால் கன்றுக்குட்டி என்பார்கள்.

சரி, நோய் கண்ட வீடுகளில் போய்க் கேட்போம் என்று பிள்ளைகள் கிளம்பினார்கள். ஒரு நிமிஷம் மாலையைக் கழற்றுங்கள், படம் எடுத்துக்கொண்டு போட்டுவிடலாம் என்று கேட்டார்கள். கேட்ட இடமெல்லாம் திட்டுதான். ஒரு வீட்டில் விளக்குமாற்றையே தூக்கினார்களாம். கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில்தான் வெண்ணிலா வீட்டுச் செவலைக்கும் கண்டது.

அவர்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரே பசுதான். அவள் அப்பா கோவிந்தன் கேரளாவில் மிளகுத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். வீட்டையும் கொல்லையையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அம்மா வடிவு. மருத்துவர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். வடிவு வேப்பிலை மாலை கட்டியிருந்தாள். அவள் கணக்கில் இரண்டும் வைத்தியம்தான்.

"நீங்க வந்து சொன்னா கேக்கும் மிஸ்" என்று வெண்ணிலா என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஒன்றரை மணி நேர நடை. என் முட்டி என்னைத் திட்டியது, நான் பஞ்சாட்சரம் சாரைத் திட்டினேன்.

செவலை கொட்டகையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. உடம்பெல்லாம் புடைப்புப் புடைப்பாகக் கட்டி. வடிவு பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. இவ எதுக்கு இட்டாந்தான்னு தெரியும். அது மட்டும் நடக்காது."

நான் ஆசிரியை ஆயிற்றே, ஆரம்பித்தேன். இது ஆத்தா இல்லை வடிவு, கிருமி. ஈ, கொசு மூலமாகப் பரவுகிறது.

"சரிங்க. கிருமிய அனுப்பிச்சது யாரு?"

மாலையைக் கழற்றினால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஆயிட்டா?" என்றாள். "நீங்க பஸ் ஏறி கீழ போய்டுவீங்க. நான் இல்ல இதோட இருக்கணும்?"

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் நடந்து வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவதா என்கிற அற்பக் கோபம்தான். இதற்கு மேல் உன் பாடு, உன் அம்மா பாடு என்கிற மாதிரி வெண்ணிலாவைப் பார்த்தேன்.

அவள் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"யம்மா, கழட்டக் கூடாதா, இல்ல கழட்டி கீழ வெக்கக் கூடாதா?"

வடிவின் கையில் வேப்பங்கொத்து நின்றது.

"கழட்டினா ஆத்தா எங்க போவா? அவளுக்கு உக்கார ஒரு எடம் வேணாமா? நடுத்தெருவுல நிறுத்துவியா?"

"அப்ப எடம் இருந்தா கழட்டலாமா?"

"எங்க கீது எடம்?"

"மரத்துல மாட்டலாம்."

"மரத்துக்கா அம்மை வந்திருக்குது?"

"சாமி படத்துல?"

"அவ மாலைய அவளுக்கே போடுவியா? போடி பைத்தியக்காரி."

"அப்ப என் கழுத்துல போடு."

வடிவு எழுந்த வேகத்தில் செவலையே மிரண்டது. மகளின் வாயிலேயே ஒன்று வைத்தாள்.

"வாயக் கழுவுடி! வயசுப் பொண்ணு பேசுற பேச்சா இது? உன் ஒடம்புல எறங்கட்டும்னா உன்ன பெத்தேன்?"

வெண்ணிலா வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு மெட்ராஸ் போகணும்மா" என்றாள் விரலிடுக்கில். "அதுக்காக பொய் சொல்லிட்டுப் போக முடியாது. அந்த மெஷினு பொய் சொல்லுதும்மா. அத நம்பி எவனாவது மாட்ட வுட்டான்னா, செத்துப்போற மாடெல்லாம் என் கணக்குல வரும்."

வடிவு மகளைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை, எனக்கு அங்கே என்ன வேலை! பிறகு உள்ளே போய்க் கை கால் கழுவிக்கொண்டு, நெற்றியில் மஞ்சளைப் பூசிக்கொண்டு வந்தாள். செவலையின் கழுத்தருகே போய்க் கும்பிட்டாள்.

"தாயே, கொஞ்ச நேரம் எம்மேல இரு. புள்ள போட்டோ எடுத்துக்கட்டும்."

மாலையை அவிழ்த்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆத்தாவும் இல்லை ஒன்றும் இல்லை என்று நான் சொல்லிவிடலாம். எனக்கு அது சுலபம். அவளுக்கு ஆத்தா இருந்தாள். மாட்டின் உடம்பில் இருக்கிற அத்தனை கட்டியும் தன் உடம்பில் எழும்பலாம் என்று அவள் முழுசாக நம்பினாள். நம்பித்தான் போட்டுக்கொண்டாள். கிருமி, ஈ, கொசு என்று அரை மணி நேரம் நான் பேசிய பேச்சை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

"நிக்கிறியே, எடுடி சீக்கிரம்" என்றாள் வடிவு, கண்ணை மூடிக்கொண்டு.

வெண்ணிலா எடுத்தாள். முன்னால், பின்னால், இடம், வலம், வெயிலில், நிழலில். கடைசியாக அம்மாவையும் ஒரு படம் எடுத்தாள். வடிவு மாலையை மாட்டுக்கே திரும்பக் கட்டினாள்.

அதோடு முடியவில்லை. செவலைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வடிவும் அம்மை கண்டவள் மாதிரியே இருந்தாள். வீட்டில் தாளிப்பு கிடையாது. மோரும் கூழும்தான். தனிப் பாய், தனிச் சொம்பு. வெண்ணிலா தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அம்மாவின் கையைப் பார்ப்பாளாம், ஏதாவது தடித்திருக்கிறதா என்று. விஞ்ஞானம் படிக்கிற நீயுமா என்று கேட்டேன். "பயமா இருக்குது மிஸ்" என்றாள்.

ஒரு மாட்டின் படம் போதாது. ஆனால் மூங்கில்கொட்டாயில் வடிவு செய்தது மறுநாளே பக்கத்து ஊர்களுக்குப் போய்விட்டது. ஆத்தாவை விரட்ட வேண்டியதில்லை, கொஞ்ச நேரம் இடம் மாற்றி உட்கார வைத்தால் போதும் என்று ஆனதும், விளக்குமாறு தூக்கிய வீட்டிலிருந்தே ஆள் அனுப்பினார்கள். மாட்டுக்காரிகள் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, மாலையை வாங்கித் தங்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பொங்கலன்று தலையில் அடித்துக்கொண்டு அழுத வீரனும், தன் மாட்டுக்கும் நிஜமாகவே கண்டுவிட, நின்றார். அவர் மட்டும், இந்தப் படத்தை மெட்ராசில் காட்டுவார்களா என்று கேட்டுவிட்டு, துண்டை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாராம்.

எல்லாப் படங்களையும் சேர்த்து இயந்திரத்துக்கு முதலிலிருந்து பாடம் நடத்தினார்கள். பரீட்சையும் வைத்தார்கள். இந்த முறை எண்பத்தொன்று.

பஞ்சாட்சரம் சார் இடிந்துபோனார். "கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆன கதையால்ல இருக்கு? தொண்ணூத்தேழு கையில இருக்கும்போது எதுக்கும்மா எண்பத்தொண்ணு? பழசையே கொண்டு போங்க. அங்க எவன் மாட்டுக்கு மாலை போட்டுப் பாக்கப் போறான்?"

"சார், அது பொய்யான தொண்ணூத்தேழு" என்றாள் வெண்ணிலா.

"அது நமக்குத்தானம்மா தெரியும்!"

மனுஷர் கெட்டவர் இல்லை. பரிசு வேண்டும், அவ்வளவுதான். வெண்ணிலாவுக்கும் வேண்டும், அவரை விட நூறு மடங்கு வேண்டும். அன்று சாயங்காலம் அவள் கணினி முன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பழையது, புதியது இரண்டையும் போனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எதைக் காட்டப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எதைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே நிச்சயம் இல்லை.

திருவண்ணாமலைக் கண்காட்சியில் எங்கள் மேஜைக்கு ஒரு பக்கம் வணக்கம் சொல்லும் பொம்மை. இன்னொரு பக்கம் பாட்டுக் கட்டும் கணினி. கூட்டமெல்லாம் அங்கேதான். நடுவர், சென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார். பதிவுப் படிவத்தில் தொண்ணூற்றேழு என்று இருக்கிறதே, இங்கே எண்பத்தொன்று என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, ஏன் குறைந்தது என்று கேட்டார். பதிவை அனுப்பியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

புருஷோத்தமன் வெண்ணிலாவைப் பார்த்தான். வெண்ணிலா போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கழுத்தில் வேப்பிலை மாலை, நெற்றியில் மஞ்சள், கண்ணை மூடி நிற்கும் ஒரு பெண்.

"இது பழசுங்க மேடம்" என்று பழைய இயந்திரத்திடம் கொடுத்தாள். 'நோய் உண்டு. 98 சதவீதம்.'

"இது புதுசு." 'நோய் இல்லை. 84 சதவீதம்.'

நடுவர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். "இது மாடே இல்லையேம்மா?"

"ஆமாங்க. மாடா மனுஷனான்னு ரெண்டுக்குமே தெரியாது. ரெண்டே பதில்தான் சொல்லிக் குடுத்தோம். ஆனா பழசு மாலைய பாத்து சொல்லிச்சுங்க. புதுசு மாலைய பாத்து ஏமாறல." கொஞ்சம் நிறுத்தினாள். "மொதல்ல நாங்களே ஏமாந்துட்டோம்."

"இவங்க யாரு?"

"எங்கம்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பொங்கல், கறுப்புப் பூச்சு, புருஷோத்தமனுக்கு வந்த அம்மை, விளக்குமாறு, ஆத்தாவுக்கு உட்கார இடம். பக்கத்து மேஜையில் பொம்மை வணக்கம், வணக்கம் என்று கத்திக்கொண்டே இருந்தது.

முதல் பரிசு எங்களுக்குத்தான். பேர் வாசித்ததும் வெண்ணிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிகிற மாதிரி. நான் அழுதேன். வெட்கமென்ன, நன்றாகவே அழுதேன். பஞ்சாட்சரம் சார் கேடயத்தை வாங்கிக்கொண்டு வந்து என் காதில் சொன்னார்:

"எண்பத்தொண்ணுக்கே முதல் பரிசு டீச்சர். தொண்ணூத்தேழக் காட்டியிருந்தா?"

மனுஷரைத் திருத்த முடியாது.

கோடையில் இரண்டு பேரும் சென்னைக்குக் கிளம்பினார்கள். அதற்கு முன்பே செவலை தேறித் தலைக்குத் தண்ணீர் வாங்கியிருந்தது. தோலில் தழும்பு மட்டும் இருந்தது. வடிவு உடம்பில் ஒரு கொப்புளமும் வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் வடிவு மகளின் பை வாரில் சின்னதாக ஒரு வேப்பிலைச் சரத்தைக் கட்டினாள். மாட்டுக்குக் கட்டினால்தான் அழைப்பு, பிள்ளைக்குக் கட்டினால் காவல்; ஊர் விட்டு ஊர் போகிற பிள்ளை, காத்து கருப்பு அண்டக் கூடாதாம். வெண்ணிலா என்னைப் பார்த்தாள். நான் பஸ் எண்ணைப் படிப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. அவள் ஊரில் சிக்னல் இல்லாததால் எல்லாம் எனக்குத்தான் வரும். மாணவர் சேர்க்கை வேலையாக நான் பள்ளியில் இருந்தேன். மகள் குரலைக் கேட்க வடிவும் நடந்து வந்திருந்தாள். படத்தில் வெண்ணிலா ஏதோ கணினி அறையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பை வாரில் இருந்த சரத்தை, காய்ந்து சுருண்டதை, எடுத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். கீழே புது இயந்திரத்தின் பதில். அங்கே இன்னும் திருத்தியிருக்கிறாள் போலும். 'நோய் இல்லை. 96 சதவீதம்.'

வேப்பிலையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க அந்த இயந்திரம் எவ்வளவு பாடுபட்டது, அதற்காக எத்தனை பேர் கழுத்தை நீட்டினார்கள் என்று வடிவுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. படத்தைக் காட்டி, பதிலை மட்டும் படித்துச் சொன்னேன்.

வடிவு போனை இரண்டு கையாலும் வாங்கி, மகள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் நான் கட்டி அனுப்பினேனே டீச்சரம்மா" என்றாள். "அப்புறம் எங்கிருந்து வரும்?"